கம்பெனி கோப்புகளைத் தேட எந்த மென்பொருள் எடுக்கலாம்?

வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்கிற சின்ன கம்பெனி எங்களுடையது, 60 பேர். கோப்புகள் சர்வரில், மெயிலில், கூகுள் டிரைவில், ஆளுக்கொரு பென்டிரைவில் என்று சிதறிக் கிடக்கின்றன. போன வாரம் ஒரு வாடிக்கையாளர் 2016 கொட்டேஷனைக் கேட்டார், நாலு பேர் அரை நாள் தேடி, கடைசியில் ஸ்டோர்ஸ் அண்ணன்தான் 'புதுசு பைனல் 2' என்ற பெயரில் அது தூங்கிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார்.

எலாஸ்டிக்சர்ச், ஓப்பன்சர்ச், சோலர் (Solr) என்ற மூன்று தேடல் மென்பொருள்களையும் பார்த்தேன். மூன்றுக்கும் அடியில் லூசீன் என்ற ஒரே தேடல் நிரல்தான், எலாஸ்டிக் 2021இல் லைசென்ஸை மாற்றியபோது அதன் பழைய நிரலை எடுத்து அமேசான் தனியாகப் பிரித்ததுதான் ஓப்பன்சர்ச், அதெல்லாம் சரி. என் கவலை வேறு. ஒருவர் டெமோ காட்ட வந்தார், சும்மா 'சம்பளம்' என்று தட்டினேன், முதலாளியின் சம்பளச் சீட்டே திரையில் வந்து நின்றது! யார் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதி தேடலிலும் செல்லுபடியாக வேண்டும். அப்புறம் 'ரசீது' என்று தேடினால் 'ரசீதுகளை', 'ரசீதில்' எல்லாம் வர வேண்டும். பாதி ஸ்கேன் செய்த தமிழ்க் காகிதம் வேறு, அதற்கு டெசராக்ட் (படத்தில் உள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் மென்பொருள்) போதுமா?

ஐடிக்கு ஒரே ஒரு தம்பிதான் இருக்கிறார். எங்களை மாதிரி இடத்தில் யாராவது இதை ஓட்டுகிறீர்களா? மாதம் என்ன செலவாகிறது, கிளவுடா சொந்த சர்வரா?