படுக்கையில் அம்மா, வாயில் வராத ஜெபம்

தேரிக்காட்டு மகள்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. வலப்பக்கம் அசைவில்லை, பேச்சும் போய்விட்டது. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறேன். ராத்திரியும் அலாரம் வைத்து அப்படித்தான். கஞ்சி கொடுத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும், அவசரப்பட்டால் புரையேறிவிடும்.

எங்கள் கோயிலில் பீடத்துக்கு மேலே ‘வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே’ என்று எழுதியிருக்கும். சின்ன வயதிலிருந்து பார்த்த வசனம். இப்போது பார்த்தால் அழுகைதான் வருகிறது. போன மாதம் சபையில் ஒருவர், “உனக்கு விசுவாசம் இருந்தால் அம்மா எப்போதோ எழுந்திருப்பார்கள்” என்றார். அன்றிலிருந்து முழங்கால் போட்டாலும் வார்த்தை வரவில்லை. இப்படிச் சுமந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உங்களுக்குப் பெலன் எங்கிருந்து வந்தது?

முத்துநகர் பாட்டி:
மகளே, என் வீட்டுக்காரரை ஐந்து வருடம் இப்படித்தான் பார்த்தேன். சபையில் அந்த ஆள் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே. வேதத்தில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்து மெதுவாக வாசி. சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாகக் கேட்கிறார் எலியா தீர்க்கதரிசி. கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்க ஜெபித்தவர்! அவருக்கா விசுவாசம் குறைவு? கர்த்தர் அங்கே அவரைக் கடிந்துகொள்ளவே இல்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பினான், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தது. சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், போகவேண்டிய தூரம் அதிகம் என்று. ஓரேப் மலை வரைக்கும் 40 நாள் நடை அல்லவா.

மூன்றாம் வருடம் நான் அடுப்படியிலேயே மயங்கி விழுந்தேன். தூக்கமும் சாப்பாடும் இல்லை, வேறொன்றும் இல்லை என்றார் டாக்டர். அப்புறம்தான் கோயில் பெண்கள் சங்கத்தில் வாய்திறந்து கேட்டேன். செவ்வாயும் வெள்ளியும் காலையில் இரண்டு பேர் வந்தார்கள். வீட்டில் மூத்திர வாடை அடிக்குமே என்று எனக்கு ஒரே கூச்சம். முதல் நாள் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால், ஒரு அக்கா கீர்த்தனை பாடிக்கொண்டே அவருக்கு முகச்சவரம் செய்துகொண்டிருக்கிறார். இவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. அன்று ராத்திரி ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு ஜெபம் வந்தது. ஒரே வரிதான், ‘நன்றி ஆண்டவரே.’

நெய்தல்:
வார்த்தை வராவிட்டால் 88-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள் அக்கா. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் நம்பிக்கையில் போய் முடியும். இது இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபமாகத்தான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

வெள்ளைச்சீருடை:
நான் நர்ஸ். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 முதல் இயன்முறைப் பயிற்சியும் வலி தணிப்பும் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள், செலவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மா பெயரைப் பதிந்துவிடுங்கள் சிஸ்டர். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புண் முதலில் வருகிற இடங்களில் அதுவும் ஒன்று.

தேரிக்காட்டு மகள்:
நேற்று சங்கத்து அக்கா ஒருவருக்குப் போன் செய்தேன். கேட்க வாய் வரவில்லை, பாதியிலேயே அழுதுவிட்டேன். “வியாழக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன், நீ தூங்கு” என்றார். ராத்திரி அலாரம் அடித்ததும் அம்மாவைப் புரட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து 88-ஐச் சத்தமாக வாசித்தேன். முடிக்கிறவரை அம்மா இடது கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள்.