ராத்திரி என்ன செஞ்சான்?

மானகிரிக்காரன்:
நேத்து காரைக்குடியில ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. பேரன் பரிசு வாங்குறான்னு போய் உக்காந்தேன். வந்திருந்த சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடிச்சு, சொட்டு டீசல் இல்லாம, புகையே விடாம, வெறும் வெயில்ல ஒரு கப்பல் உலகத்தையே சுத்தி வந்துருச்சுன்னு அடிச்சு விட்டார். பிள்ளைங்க கை தட்டுது. வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தேன். பிளானட்சோலார்னு பேரு. 2010 செப்டம்பர் 27 மொனாக்கோவுல கிளம்பி, 2012 மே 4 அங்கயே திரும்பியிருக்கு. 584 நாள், 60,000 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்க, நாளைக்கு நூத்திச் சொச்சம். நம்ம ஊர்லேர்ந்து திருச்சி போற தூரம். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ராத்திரி என்ன செஞ்சான்?

பழைய செக்ரி:
ராத்திரிக்குத்தானே பேட்டரி? மொத்தம் 8.5 டன் லித்தியம் அயனி, ரெண்டு பக்க மிதவைக்குள்ளயும் வச்சிருக்கான். மேல 537 சதுர மீட்டருக்குத் தகடு, உச்சி வெயில்ல 93 கிலோவாட். ஓடறதுக்கு சராசரியா 20 தான் இழுக்கும். மிச்சம் பேட்டரிக்குப் போகுது. இதுல என்ன மர்மம்?

மானகிரிக்காரன்:
காகிதத்துல எல்லாம் ஓடும் விஞ்ஞானி சார். உங்க செக்ரி மின்வேதியியல் ஆராய்ச்சிக்கூடத்துலயும் ஓடும். எங்க மாடியிலயும் 3 கிலோவாட் போட்டிருக்கு. ராத்திரி கரண்ட் போனா இன்வெர்ட்டர் கொய்ங்னு கத்திட்டுப் படுத்துக்கும். பட்டாலையில ஒரு ஃபேன் சுத்தாம, வெறுந்தரையில துண்டை விரிச்சுப் படுக்கிறேன். எங்கிட்ட பேட்டரி கதையா?

தேவகோட்டை ரஸ்தா:
புகையே இல்லைன்னா என்ன அர்த்தம், ஓடும்போதா, கட்டும்போதா? அந்தத் தகடும் பேட்டரியும் செஞ்ச இடத்துல புகை வரலயா? மொதல்ல அதைப் பேசுங்கப்பா.

மானகிரிக்காரன்:
அதெல்லாம் அப்புறம். ராத்திரி?

தொண்டிக் கரை:
எனக்கு ஒரு சந்தேகம். அந்தக் கப்பல் மீன் எவ்வளவு பிடிச்சுது? ஆளை மட்டும் ஏத்திக்கிட்டுப் போறது ஒண்ணு, வலை மடி நிறைஞ்சு இழுக்கும்போது கச்சான் காத்து எதிர்த்து அடிக்கிறது வேற. டீசல் கேன் தூக்கித் தூக்கி எனக்குத் தோள் காச்சுப் போச்சு. கரண்ட்ல ஓடுனா நான்தான் மொத ஆளா வாங்குவேன். ஆனா இழுக்கணுமே.

மானகிரிக்காரன்:
அப்படிக் கேளுங்க தம்பி! கடல்ல கிடக்கிறவனுக்குத் தெரியும்.

தொண்டிக் கரை:
நான் உங்க பக்கம் பேசல அண்ணே. ராத்திரி ஓடலன்னு நான் சொல்லவே இல்ல.

பழைய செக்ரி:
மானகிரியாருக்கு இன்னொரு கணக்கு. 2013ல இதே கப்பல் லாஸ் பால்மாஸ்லேர்ந்து செயின்ட் மார்ட்டின் தீவுக்கு அட்லாண்டிக்கைத் தாண்டுச்சு. 22 நாள் 12 மணி நேரம், 5,300 கிலோமீட்டர். நாளைக்கு 230க்கு மேல வருது. 584 நாள்ல துறைமுகம் துறைமுகமா நிறுத்தி ஜனங்களுக்குக் காட்டினதும் சேத்தி, அதான் உங்க கணக்கு திருச்சியோட நின்னுபோச்சு. நடு அட்லாண்டிக்ல ஆழம் கிலோமீட்டர் கணக்குல. ராத்திரி எங்க நங்கூரம் போடுவான்?

மானகிரிக்காரன்:
போட வேண்டாமே. சும்மா மிதந்திருப்பான்.

பழைய செக்ரி:
மிதந்தே 230 கிலோமீட்டரா!

ஆத்தங்குடி ஆச்சி:
புகை வேண்டாம்னா காத்து இருக்கே, பேட்டரி எதுக்கு? நம்ம கடற்படைப் பொண்ணுங்க தில்னாவும் ரூபாவும் 2024 அக்டோபர்ல கோவாவுல தாரிணிங்கிற பாய்மரப் படகுல கிளம்பி, உலகத்தைச் சுத்தி 2025 மே கடைசியில திரும்பினாங்க. எட்டே மாசம். ரூபா புதுச்சேரிப் பொண்ணு. ராத்திரியும் காத்தடிக்கும் மானகிரியாரே.

மானகிரிக்காரன்:
ஆச்சி, காத்துக்கு ராத்திரி பகல் கிடையாது. வெயிலுக்கு உண்டு. நான் கேக்குறதே அதைத்தானே? அப்புறம் கப்பலைப் பத்தி எங்க வீட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எங்க ஐயா ரங்கூன் வட்டிக்கடைக் கிட்டங்கியில பெட்டியடியில உக்காந்தவர். கடல் தாண்டின குடும்பம்.

தேவகோட்டை ரஸ்தா:
தாண்டினது வட்டிக்கு. கப்பலை ஓட்டினது வேற ஆளு. உங்க ஐயா டிக்கெட் வாங்கிக்கிட்டு, புளிச்சாதக் கூடையோட கப்பல் மேல்தட்டுல உக்காந்து போனவர். எங்க ஐயாவும் பக்கத்துலதான் உக்காந்திருந்தார், அதனால சொல்றேன்.

மானகிரிக்காரன்:
உங்க ஐயாவுக்கு டிக்கெட் எடுத்ததே எங்க ஐயாதான். ஊரைக் கேளுங்க.

பழைய செக்ரி:
வைக்கத்துல 2017 ஜனவரியிலேர்ந்து ஆதித்யான்னு சூரிய சக்திப் படகு 75 பேரை ஏத்திக்கிட்டு வேம்பநாட்டுக் காயல்ல ஓடுது. உலகம் சுத்த வேண்டாம், பஸ் ஏறி ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்க.

மானகிரிக்காரன்:
அது ராத்திரி பூரா ஓடுதா?

பழைய செக்ரி:
ராத்திரி பூரா வைக்கத்துல யார் அக்கரைக்குப் போறா? முப்பது வருஷம் பேட்டரியோடயே குப்பை கொட்டினவன் சொல்றேன். கேட்டா கேளுங்க, இல்லாட்டி விடுங்க.

மானகிரிக்காரன்:
அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்ததாலதான் செக்ரியே இந்த ஊருக்கு வந்துச்சு. 1948ல நேரு வந்து கல்லு நாட்டினார். எங்க மண்ணுல சம்பளம் வாங்கிட்டு எங்களையே விடுங்கன்றீங்க.

பழைய செக்ரி:
குடுத்தது அழகப்பர். நீங்களா?

தேவகோட்டை ரஸ்தா:
மானகிரியார் குடுக்குறதைப் பத்திப் பேசலாமா? உங்க மக கல்யாணத்தன்னைக்கு ராத்திரி வளவு வீடு பூரா ஜெனரேட்டர் புகை. பந்தியில சாம்பார்ல கூட டீசல் வாடை. அந்த டீசலுக்கு என் கையிலேர்ந்து போட்ட 1,800 ரூபா இன்னும் வரல.

மானகிரிக்காரன்:
கல்யாணக் கணக்கைப் பொதுவுல இழுக்காதீங்க. அதைச் சமையக்காரர் கிட்டயே குடுத்தாச்சு.

தேவகோட்டை ரஸ்தா:
சமையக்காரருக்கும் டீசலுக்கும் என்ன சம்பந்தம்?

தொண்டிக் கரை:
நான் கிளம்புறேன், விடியக்காலை கடலுக்குப் போக டோக்கன் போடணும். இழுவைக்குப் பதில் தெரிஞ்சா யாராவது எழுதி வைங்க.

ஆத்தங்குடி ஆச்சி:
அது சரி, பேரன் எதுல பரிசு வாங்கினான்?

மானகிரிக்காரன்:
ஓவியத்துல ரெண்டாவது. கப்பல்தான் வரைஞ்சிருந்தான். புகைபோக்கி வச்ச கப்பல். பிள்ளைக்குத் தெரியுது.

தேவகோட்டை ரஸ்தா:
புதன்கிழமை வீட்டுக்கு வரேன். 1,800.