எஸ்எஸ்எச் வழியே போகும் கோப்புப் பெயர் உடைகிறது: மேற்கோள் உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. பாஷ் (கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல்களில் ஒன்று) ஸ்கிரிப்ட் ஒன்றில் தொலைவு சர்வரில் உள்ள கோப்பை, அங்கே கட்டளை ஓட்ட உதவும் எஸ்எஸ்எச் வழியே அழிக்க வேண்டும். பெயர் $1-இல் (ஸ்கிரிப்ட்டுக்குத் தரும் முதல் மதிப்பு) வருகிறது, உதாரணம்: மே மாத அறிக்கை.

"$1" என்று இரட்டை மேற்கோளில் கொடுத்தாலும், அங்கே மூன்று தனிப் பெயர்களாகப் பிரிகிறது. காரணம் தெரியும்: மேற்கோளை இங்குள்ள ஷெல்லே கழற்றிவிடும், எஸ்எஸ்எச் எல்லாவற்றையும் இடைவெளியால் ஒட்டி ஒரே சரமாக அனுப்பும், தொலைவு ஷெல் அதை மறுபடி பிரிக்கும். '"$1"' என்று வெளியே ஒற்றை மேற்கோள் போட்டால் $1 இங்கே விரிவதே இல்லை. "'$1'" இடைவெளியைத் தாங்கும். ஆனால் பெயரிலேயே ஒரு ' இருந்தால் மேற்கோள் அங்கேயே மூடிக்கொள்ளும், மீதி கட்டளையாக ஓடும். அழிக்கும் வேலையில் இது பெரிய ஆபத்து.

பெயரை ஷெல்லுக்கு ஏற்றபடி மேற்கோளிட்டுத் தரும் பிரின்ட்எஃப்-இன் %க்யூ முனையத்தில் சரியாக வருகிறது. ஆனால் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் லொக்கேல் (மொழி, எழுத்து அமைப்பு) தமிழ் எழுத்தை அறியாத சி என்பதால் 'மே' என்பது $'\340\256\256… என்று எண்களாக மாறுகிறது. தொலைவு சர்வரில் இருப்பது டாஷ் என்ற வேறொரு ஷெல். அதற்கு $'…' புரியாது, கோப்பு இல்லை என்கிறது.

இப்போதைக்கு ஒவ்வொரு '-ஐயும் '\'' ஆக்கி, முழுப் பெயரையும் ஒற்றை மேற்கோளில் சுற்றி, முன்னால் -- (இதற்குப் பின் வருவது விருப்பக்குறி அல்ல, பெயர் என்று காட்ட) சேர்க்கிறேன். இதில் ஓட்டை ஏதும் உண்டா? பெயர்களை ஸ்டாண்டர்ட் இன்புட்டில் நல் பைட்டால் (மதிப்பு 0 உள்ள பைட்) பிரித்து, உள்ளீட்டைக் கட்டளைக்கான பெயர்களாக்கும் எக்ஸ்ஆர்க்ஸ் -0-க்குத் தருவதே நல்லதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.