சண்டை இல்லாமல் ஓர் உறவைக் காட்ட முடியாதா?

பரங்கிமலை பாசஞ்சர்:
வடபழனியில் ஞாயிறுதோறும் ஒரு திரைக்கதை வகுப்புக்குப் போகிறேன். போன வாரம் ஐந்து பக்கக் காட்சி ஒன்று எழுதிக் கொடுத்தேன். கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் ஒரு வயதான தம்பதி. அவர் கைக்குட்டையால் சீட்டைத் துடைத்துவிட்டு மனைவியை உட்கார வைக்கிறார். அந்த அம்மாவின் மடியில் இட்லி டப்பா. மாம்பலம் வருவதற்குள் ஆளுக்கு இரண்டு சாப்பிட்டு முடிக்கிறார்கள். அவ்வளவுதான் காட்சி. வாத்தியார் ஓரத்தில் சிவப்பு மையில் "இவர்கள் எப்போது சண்டை போடுவார்கள்?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சண்டை எதற்கு? புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' இதே சென்னையில் நடக்கும் கதைதானே. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, கடை முடிந்து வீட்டுக்கு நடந்து வந்து, சீக்காளி மனைவிக்குச் சமைத்துப் போட்டுப் பணிவிடை செய்கிறார். வறுமையும் நோயும்தான் அவர்களோடு சண்டை போடுகின்றன. அவர்களுக்குள் ஒன்றும் இல்லை. அதைவிட நெருக்கமான தம்பதியைத் தமிழில் யாராவது காட்டுங்கள், பார்ப்போம்.

திருவல்லிக்கேணி கமலி:
வாத்தியார் கேட்டது நியாயமான கேள்வி, தம்பி. திருக்குறளைக் கடைசியிலிருந்து புரட்டிப் பாருங்கள். 131, 132, 133 மூன்று அதிகாரமும் ஊடல்தான். அறம், பொருள் எல்லாம் பேசி முடித்த மனுஷர் கடைசி முப்பது குறளைப் புருஷன் பெண்டாட்டி பிணக்குக்கு ஒதுக்கியிருக்கிறார்.

அதிலும் அந்தத் தும்மல் குறள்! அவன் தும்முகிறான். அவள் வாழ்த்துகிறாள். வாழ்த்திய வாயோடு, "யார் நினைத்ததால் தும்மினீர்?" என்று அழுகிறாள். அடுத்த குறளில் பாவம், தும்மலை அடக்கிப் பார்க்கிறான். "உமக்கு வேண்டியவர் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரா?" என்று அதற்கும் அழுகை. ஐந்து பக்கம் வேண்டாம், நாலு வரியில் இரண்டு பேரும் முழுசாகத் தெரிந்துவிடுகிறார்கள். உங்கள் இட்லித் தம்பதியைப் பற்றி எனக்கு என்ன தெரிந்தது? பசி என்று தெரிந்தது.

பரங்கிமலை பாசஞ்சர்:
அக்கா, பசி என்றது கொஞ்சம் ஓவர். ஆனால் ஊடல் வேறு, மோதல் வேறு. புலவி, அதாவது ஊடல், உப்பு மாதிரி, கொஞ்சம் மிஞ்சினாலும் கெட்டுவிடும் என்று அதே வள்ளுவர்தான் சொல்கிறார். வாத்தியார் கேட்பது உப்பு இல்லை, மூட்டை.

'மௌன ராகம்' (1986) பார்த்திருப்பீர்கள். என்ன பரிசு வேண்டும் என்று கேட்கும் புதுக் கணவனிடம் விவாகரத்து கேட்கிறாள் திவ்யா. அத்தனை மோதலும் அவர்களை ஓர் அங்குலம்கூட நெருக்கவில்லை. அவன் கத்திக்குத்துப் பட்டுப் படுக்கையில் விழுந்த பிறகு, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும்போதுதான் அவள் மாறுகிறாள்.

வியாசர்பாடி வக்கீல்:
அந்தப் படத்தில் சட்டம்தான் முக்கியப் பாத்திரம் என்பது என் கட்சி. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாமல் சாதாரணமாக விவாகரத்து மனு போட முடியாது, இந்து திருமணச் சட்டம் 14-ஆம் பிரிவு. அந்த ஒரு வருஷக் கட்டாயம் இல்லையென்றால் இடைவேளைக்கு முன்பே படம் முடிந்திருக்கும். மோதிக்கொண்டே ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். பணிவிடை மட்டும் போதும் என்றால் நர்ஸைத்தானே காதலிக்க வேண்டும்?

குடும்பநல நீதிமன்ற வராண்டாவில் தினமும் நிற்கிறவன் நான். ஒரு ஜோடி மிக்ஸி ஜாடி மூடி யாரிடம் இருக்கிறது என்று அரை மணி நேரம் கத்தினார்கள். எனக்கே தலைவலி. இரண்டு வாய்தா கழித்து மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டு போனார்கள். தண்ணீர் பாட்டிலை மரியாதையாகக் கைமாற்றிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஜோடிகளுக்கு நான் சமரசமே பேசுவதில்லை.

கண்ணகியையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் தொலைத்துவிட்டுக் கோவலன் வந்து நிற்கிறான். ஒரு சொல் கடிந்து பேசவில்லை. சிரித்த முகத்தோடு "சிலம்புள கொண்ம்", சிலம்பு இருக்கிறது எடுத்துக்கொள்ளுங்கள், என்கிறாள். வீட்டில் போடாத சண்டையை மதுரையில் போட்டாள். ஊரே எரிந்தது.

திருவல்லிக்கேணி கமலி:
வக்கீல் சார், நம் கட்சிதான் நீங்கள், ஆனாலும் திருத்த வேண்டியிருக்கிறது. அவள் பேசாமலே இருக்கவில்லை. சிலப்பதிகாரம் கொலைக்களக் காதையில், ஆயர் குடிசையில் கடைசிச் சோறு பரிமாறிய பிறகு, "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்", மதிக்கத்தகாத நடத்தை நடந்தீர்கள், என்கிறாள். இரண்டு காண்டத்தில் அவனைப் பார்த்து அவள் சொன்ன ஒரே குற்றச்சாட்டு அது. அதுவும், அவனே வருந்தி, சொன்னவுடன் எழுந்து வந்தாயே என்று கேட்ட பிறகு. எனக்கு அவர்கள் தம்பதி ஆனது அந்த வரியில்தான். அப்புறம் அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு போகிறான், திரும்பவில்லை.

பரங்கிமலை பாசஞ்சர்:
இது எனக்குத் தெரியாது. ராத்திரி எடுத்துப் படிக்கிறேன்.

கொரட்டூர் ஆபரேட்டர்:
பழைய தியேட்டர் ஆள், நடுவில் வருகிறேன். எல்லாரும் புருஷன் பெண்டாட்டியையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். 'முள்ளும் மலரும்' (1978) கடைசிக் காட்சியில், அண்ணனுக்குப் பிடிக்காத இன்ஜினியரைக் கட்டிக்கொள்ளக் கிளம்பிய தங்கை, அண்ணன் காளியிடமே திரும்பி ஓடி வந்துவிடுகிறாள். காளி அவளை இன்ஜினியருக்கே கட்டிக் கொடுக்கிறான். கொடுத்துவிட்டு, இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்கிறான். மோதல் தீரவே இல்லை. தீர்த்திருந்தால் நூறு படத்தில் ஒன்று. தம்பியின் வாத்தியாரும் சரி, நீங்களும் சரி, சண்டை என்றால் அது முடிய வேண்டும் என்றே நினைக்கிறீர்கள்.

வியாசர்பாடி வக்கீல்:
முடியாத வழக்கு எனக்கு லாபம்தான் சார்.

பரங்கிமலை பாசஞ்சர்:
செல்லம்மாளை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. அதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை, கவனித்தேன். ஆனால் காட்சியைத் திருத்தியிருக்கிறேன். அவர் சீட்டைத் துடைக்கிறார். அந்த அம்மா அந்த இடத்தில் உட்காராமல் எதிர் சீட்டில் போய் உட்காருகிறார். சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம் எல்லாம் போய்விட்டது, டப்பாவை இன்னும் திறக்கவில்லை. ஏன் என்று நானே இன்னும் எழுதவில்லை. அவருக்குத் தெரியும் போலிருக்கிறது, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.