சூடேறியதும் நின்றுவிடும் சங்கிலி ரம்பம்

வணக்கம். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் மரக்கிளைகளைக் கழிக்கும் பணியில் இருக்கிறேன். கயிற்றில் தொங்கியபடி நான் பயன்படுத்தும், மேல்கைப்பிடி கொண்ட 35 சிசி பெட்ரோல் ரம்பம், காலையில் இரண்டே இழுப்பில் கிளம்பினாலும், தூங்குமூஞ்சி மரத்தின் தடித்த கிளைகளை 20 நிமிடம் அறுத்துச் சூடேறியதும் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறினால்தான் மீண்டும் இயங்குகிறது. 3 வாரங்களாக இதே நிலை. தரையில் நிற்பவருக்கு இது வெறும் தாமதம். பாதி அறுத்த கிளையோடு மேலே இருப்பவருக்கு அப்படியல்ல.

ஸ்பார்க் பிளக்கையும் இரண்டு வடிகட்டிகளையும் மாற்றிவிட்டேன்; பெட்ரோலில் 50-க்கு 1 என்ற விகிதத்தில் புதிதாக எண்ணெய் கலந்தும், எரிபொருள் கலனின் காற்றுத் துளையைச் சுத்தம் செய்தும், கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்தும் பயனில்லை. நின்றவுடன் கழற்றிப் பார்த்தால் பிளக் ஈரமாகவே இருக்கிறது, தீப்பொறியோ மங்கலாகத் தெரிகிறது.

பிளக்கில் தீப்பொறி எழ மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்தான் பழுது என்பதை, புதியது வாங்குவதற்கு முன்பே உறுதிசெய்ய எந்தச் சோதனையைச் செய்யலாம்?