ரீல்ஸை லட்சம் பேர் பார்க்கிறாங்க, கருப்பட்டி ஆர்டர் மட்டும் வரலை. எங்க சரி செய்யணும்?

பனங்காட்டுத் தம்பி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு உடன்குடிப் பக்கம். அப்பா பனை ஏறுறாங்க, அம்மா விடிலியில (கருப்பட்டி காய்ச்சுற குடிசை) பதநீர் காய்ச்சுறாங்க. இதுவரைக்கும் சீசன் சரக்கு மொத்தத்தையும் யாபாரிக்குத்தான் போட்டோம். சீசனுக்கு முன்னாலயே அவர்கிட்ட முன்பணம் வாங்கியிருப்போம், அதனால விலையும் அவர் சொல்றதுதான். அதுலருந்து வெளிய வரணும்னுதான் இன்ஸ்டாகிராம்ல ஒரு பக்கம் ஆரம்பிச்சேன்.

அப்பா விடியக்காலையில பாளை சீவுறது, கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவுறது, அம்மா தாச்சியில கிண்டுறது, எல்லாம் வீடியோவா போடுறேன். பாகைச் சிரட்டையில ஊத்துற ரீல் ஒண்ணு மட்டும் லட்சக்கணக்குல போச்சு. ஃபாலோயர்ஸும் கூடினாங்க. ஆனா அதுக்குக் கீழ வந்த கமெண்ட் எல்லாம் "எங்க பாட்டி ஞாபகம் வருது", "இப்ப எல்லாம் சீனிதான் கலக்குறான்", "விலை என்ன" இந்த மூணுதான். விலை கேட்டவங்களுக்கு டிஎம்ல (தனி மெசேஜ்ல) கிலோ 450ன்னு சொன்னா அத்தோட பேச்சு நின்னுடுது. எங்க ஊர்க் கடையிலயே 250க்கு கிடைக்குதேன்னு சிலர் கேக்குறாங்க. எட்டு லிட்டருக்குக் குறையாம பதநீர் காய்ச்சினாத்தான் ஒரு கிலோ வரும். விறகு, ஏறுற கூலி எல்லாம் சேர்த்தா 250க்கு எப்படிக் குடுக்க முடியும்?

ஒரு சாப்பாட்டுப் பக்கம் நடத்துறவர் காசு குடுத்தா வீடியோ போடுறேன்னு சொல்றார். அதுக்குக் குடுக்கலாமா, இல்ல அந்தக் காசை இன்ஸ்டாகிராமுக்கே கட்டி என் வீடியோவை விளம்பரமா ஓட்டலாமா, அதான் பூஸ்ட் பண்ணலாமா? இன்னொண்ணு, ஆடி கழிஞ்சா பதநீர் நின்னுடும். அப்புறம் பக்கத்துல என்னத்தைப் போடுறது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

சின்னாளபட்டி சுங்குடி

தம்பி, நான் சின்னாளபட்டியில இருந்து சுங்குடிச் சேலை விக்கிறேன். என் யாபாரம் முழுக்க போன்லதான். உன் பக்கத்தைப் பார்க்காமலே ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத: உனக்கு இப்ப தேவைப்படுறது இன்னொரு லட்சம் பேர் இல்ல. ஒரு தடவை வாங்கினவங்க திரும்ப வாங்குற வழிதான். கருப்பட்டி ஒரு தடவை வாங்கி மாட்டுற படம் கிடையாது. காபிக்குப் போடுற வீட்டுல மாசா மாசம் தீரும். சேலைக்காரி எனக்கே அந்தக் கொடுப்பினை இல்ல. உனக்கு இருக்கு.

முதல்ல விலையை மறைக்காத. "விலைக்கு டிஎம் வாங்க"ன்னு போடுறது சரக்குக்கு நம்பிக்கைக் குறைச்சல். படத்து மேலயே எழுது: ஒரு கிலோ இவ்வளவு, கூரியர் தமிழ்நாட்டுக்குள்ள இவ்வளவு, பெங்களூருக்கு இவ்வளவு. 450ஐப் பார்த்துட்டு விலகுறவங்க டிஎம்ல வந்தாலும் விலகத்தான் போறாங்க, உன் நேரமாவது மிஞ்சும். அந்த விலை ஏன்னு நீ இங்க எங்களுக்கு எழுதின பாரு, எட்டு லிட்டர், விறகு, ஏறுகூலி, அதை அப்படியே அப்பாவையோ அம்மாவையோ பேசவச்சு ஒரு வீடியோ எடு. பாட்டுப் போடாத. அவங்க குரல், அடுப்புச் சத்தம் போதும். வியாபாரக் கணக்குக்கு இன்ஸ்டாகிராம் சினிமாப் பாட்டு எல்லாத்தையும் தராது, அதனால பாட்டை நம்பி வீடியோ எடுக்காம இருக்குறது எப்பவும் நல்லது. அந்த விலை வீடியோவைப் பக்கத்தோட உச்சியில பின் பண்ணி வை. 250 ரூபாய்க் கேள்வி வந்தா அதைக் காட்டிட்டு அமைதியா இரு. சண்டைக்குப் போகாத.

அடுத்தது வாட்ஸ்அப் பிசினஸ். வீட்டு நம்பர்ல போடாத, தனி சிம் எடு. கேட்டலாக்ல அரைக்கிலோ, ஒரு கிலோ, சுக்குக் கருப்பட்டி, சில்லுக் கருப்பட்டின்னு தனித்தனியா படத்தோட விலையோட ஏத்து. திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விக்கு 'குவிக் ரிப்ளை' சேமிச்சு வச்சா ஒரு சாய்வுக்கோடு தட்டினதும் முழுப் பதிலும் வந்துடும். லேபிள் போட்டுப் பிரிச்சு வை: விலை கேட்டவங்க, காசு போட்டவங்க, பார்சல் போனவங்க. இந்த மூணாவது லேபிள்தான் உன் சொத்து.

ஆர்டர் முடிஞ்சதும் ஒரு வரி அனுப்பு: "எங்க நம்பரைச் சேவ் பண்ணி வைங்க, அடுத்து எப்பக் காய்ச்சுறோம்னு சொல்றோம்." இதை விடாத. பிராட்காஸ்ட்ல (ஒரே செய்தியைப் பல பேருக்குத் தனித்தனியா அனுப்புற வசதி) ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனா உன் நம்பரை யார் சேவ் பண்ணியிருக்காங்களோ அவங்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். சேவ் பண்ணாதவங்களுக்கு நீ எழுதுறது காத்துலதான். வாடிக்கைக்காரங்களை எல்லாம் ஒரே குரூப்ல தூக்கிப் போடுற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒருத்தர் நம்பர் எல்லாருக்கும் தெரியும். என்கிட்ட வாங்குறவங்கள்ல பெண்கள்தான் அதிகம், அவங்க நம்பர் முகம் தெரியாத ஆள் கையில கிடைக்கிறதை நான் ஒருநாளும் அனுமதிக்க மாட்டேன். உன் விஷயத்துலயும் அதேதான்.

தினமும் குட்மார்னிங் படம் அனுப்பாத. தொந்தரவுன்னு நாலு பேர் பிளாக் பண்ணி ரிப்போர்ட் அடிச்சா நம்பரையே முடக்கிடுவாங்க. அன்னன்னைக்கு நடக்குறதை ஸ்டேட்டஸ்ல வை, சரக்கு தயாரானா மட்டும் பிராட்காஸ்ட் அனுப்பு.

காசு விஷயம்: ஜிபே ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துப் பார்சல் கட்டாத. பேங்க் கணக்குல ஏறினதைப் பார்த்துட்டுக் கட்டு. "உங்களுக்குக் காசு அனுப்பணும், பின் நம்பர் போடுங்க"ன்னு எவன் சொன்னாலும் திருட்டுதான், காசு வாங்குறதுக்குப் பின் தேவையே இல்ல. அம்மா கையில போன் இருக்கும்னா அவங்களுக்கு இதை முதல்ல சொல்லிக் குடு.

கோவை விளம்பரம்

நான் சின்னக் கடைகளுக்கு மெட்டா (இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் நடத்துற கம்பெனி) விளம்பரம் போட்டுக் கொடுக்கிற வேலை பார்க்கிறேன். அக்கா சொன்னதோட என் வேலை சம்பந்தப்பட்டதை மட்டும் சேர்க்கிறேன்.

அந்த லட்சம் போன ரீலை 'இன்சைட்ஸ்'ல (யார் பார்த்தாங்கங்கிற கணக்கைக் காட்டுற இடம்) திறந்து, பார்த்தவங்க எந்த ஊர்னு பாருங்க. நீங்க கூரியர் அனுப்ப முடியாத ஊர்க்காரங்கதான் பெரும்பாலும்னா ஆர்டர் வராததுல ஆச்சரியமே இல்லை. சிரட்டையில ஊத்துறது மாதிரி வீடியோவைப் பார்க்க மொழி தேவையில்லை, அதனால எங்கெங்கயோ போகும். அம்மா தமிழ்ல விலை பேசுற வீடியோ குறைவாத்தான் போகும், ஆனா போக வேண்டிய இடத்துக்குப் போகும். இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி, ரீல் எவ்வளவு நேரம் பார்க்கப்படுது, எத்தனை லைக், எத்தனை பேர் இன்னொருத்தருக்கு அனுப்புறாங்க, இந்த மூணும் முக்கியம்னு 2025 தொடக்கத்துலயே வெளிப்படையா சொல்லிட்டார். "அம்மா, இவங்ககிட்ட வாங்கலாமா"ன்னு ஒரு பொண்ணு அவங்க அம்மாவுக்கு அனுப்புற மாதிரி எடுங்க.

பூஸ்ட் பண்றதா இருந்தா, 'ப்ரொஃபைல் விசிட்' குறிக்கோளைத் தேர்ந்தெடுக்காதீங்க. வாட்ஸ்அப்புக்கு மெசேஜ் வர்ற மாதிரி வைங்க. இடம் சென்னை, கோவை, பெங்களூருன்னு நீங்க ஏற்கனவே பார்சல் அனுப்பிச் சேதம் இல்லாம சேர்ந்த ஊர்களை மட்டும் போடுங்க. நீங்க கட்டுற காசு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அதையும் செலவுல சேர்த்துக்கணும். பார்க்க வேண்டிய கணக்கு ஒண்ணே ஒண்ணு: ஒரு மெசேஜுக்கு எவ்வளவு ஆச்சுன்னு இல்ல, ஒரு ஆர்டருக்கு எவ்வளவு ஆச்சுன்னு. கிலோவுக்கு 100 ரூபாய் நிக்குது, ஒரு ஆர்டர் பிடிக்க 150 ஆகுதுன்னு வைங்க. முதல் ஆர்டர்ல நட்டம்தான். அதே ஆள் மறுபடி வாங்கினா அந்த 150 திரும்பச் செலவாகாது, நட்டம் போக லாபம் நிக்கும். அக்கா சொன்ன மூணாவது லேபிள் இல்லாம விளம்பரம் போட்டா காசு கரையும். அதனால முதல்ல அது, அப்புறம் பூஸ்ட்.

சாப்பாட்டுப் பக்கத்துக்காரர் விஷயம்: அவர் ஃபாலோயர்ஸ் எந்த ஊர்க்காரங்கன்னு இன்சைட்ஸ் ஸ்கிரீன்ஷாட் கேளுங்க. காட்டத் தயங்கினா வேண்டாம். காட்டினா, முழுக் காசும் முன்னால குடுக்காம அவர் பேர்ல வர்ற ஆர்டருக்கு இவ்வளவுன்னு பேசிப் பாருங்க. காசு வாங்கிப் போட்டா அது விளம்பரம்னு வெளிப்படையா சொல்லணும்னு 2023லயே மத்திய நுகர்வோர் துறை வழிகாட்டுதல் வந்திருக்கு, அதையும் ஒத்துக்கிட்டாத்தான் பேச்சு.

பெங்களூர்வாசி

வாங்குற பக்கத்துலருந்து ஒரு பதில். நானும் இந்த மாதிரிப் பக்கங்கள்ல விலை கேட்டுட்டு வாங்காம விட்டிருக்கேன். 450 பெரிசுன்னு இல்ல. கூரியர் எவ்வளவுன்னு தெரியல, எப்ப வரும்னு தெரியல, உருகி வந்தா யார் பொறுப்புன்னு தெரியல. இந்த மூணுக்கும் பதில் பக்கத்துலயே இருந்தா பாதிப் பேர் வாங்கிடுவோம். மழைக்காலத்துல கருப்பட்டி ஈரம் இழுத்துக் கசியும்னு எங்களுக்கும் தெரியும். "கசிஞ்சு வந்தா படம் அனுப்புங்க, மாத்தித் தர்றோம்"னு ஒரு வரி போதும். பார்சல் கட்டுறதை ஒரு வீடியோ போடுங்க. அதைப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை. ஓலைக் கொட்டான்ல வச்சு அனுப்பினா அதுக்குத் தனியா காசு கூடக் குடுப்பேன்.

உணவு ஆய்வக ஊழியர்

"சீனி கலக்குறான்" கமெண்டுக்கு ஒரு வார்த்தை. தண்ணியில போட்டுப் பாருங்க, நாக்குல வச்சுப் பாருங்கன்னு வீட்டுச் சோதனை வீடியோ போடுற ஆசை வரும். தயவுசெஞ்சு போடாதீங்க. பதநீர்ல இருக்குற இனிப்பே பெரும்பாலும் சுக்ரோஸ்தான், கரும்புச் சீனியிலயும் அதேதான். அதனால வீட்டுச் சோதனையில உறுதியா பிரிச்சுச் சொல்ல முடியாது. கரும்பும் பனையும் ஒளிச்சேர்க்கை செய்யுற விதம் வேற. அதனால கார்பன் ஐசோடோப்பு (கார்பன் அணுவோட வெவ்வேறு எடை வகைகள்) விகிதம் வேறுபடும். அதை அளக்குற ஆய்வகத்துல கரும்புச் சர்க்கரை கலந்திருக்கான்னு கண்டுபிடிக்கலாம். செலவு பிடிக்கிற வேலை, இப்போதைக்கு உங்களுக்குத் தேவையில்லை. மரத்துல இருந்து சிரட்டை வரைக்கும் வெட்டாம எடுத்த வீடியோ, யார் வந்தாலும் விடிலியைப் பார்க்கலாம்ங்கிற அழைப்பு, இந்த ரெண்டும் சோதனையை விடப் பெரிசு.

கருப்பட்டியிலயும் இருக்குறது பெரும்பாலும் அதே சுக்ரோஸ்தாங்கிறதால "சர்க்கரை நோயாளிகள் தாராளமா சாப்பிடலாம்"னு ஒருபோதும் எழுதாதீங்க. கருப்பட்டி விக்கிற பக்கங்கள்ல இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுது. அதை நம்பிச் சாப்பிடுறவங்க இருக்காங்க. சட்டப்படியும் நோய்க்கு நல்லதுன்னு ஆதாரமில்லாம சொல்லக் கூடாது.

எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு அவங்களோட 'ஃபாஸ்காஸ்' தளத்துல எடுக்கலாம், சின்னத் தயாரிப்பாளருக்கு அடிப்படைப் பதிவு போதும். 14 இலக்க எண்ணை லேபிள்லயும் இன்ஸ்டாகிராம் பக்கத்துலயும் போடுங்க. அடைச்சு லேபிள் ஒட்டின கருப்பட்டிக்கு 2022 ஜூலை 18லருந்து 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. வெளிமாநிலத்துக்கு அனுப்பினா விற்பனை குறைவுங்கிற காரணம் செல்லாது, ஜிஎஸ்டி பதிவு கேக்கும். பெங்களூர் ஆர்டர் எடுக்குறதுக்கு முன்னால ஒரு ஆடிட்டரைப் பாருங்க. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. அந்தப் பேரையும் முத்திரையையும் பாக்கெட்டுல போடணும்னா அங்கீகரிக்கப்பட்ட பயனாளரா நீங்க தனியா பதியணும். உங்க ஊர்ல பல குடும்பம் சேர்ந்து விண்ணப்பிச்சா அலைச்சல் குறையும்.

பனங்காட்டுத் தம்பி

எல்லாருக்கும் மனசார நன்றி. நேத்து சாயங்காலமே அம்மாகிட்ட விலைக் கணக்கைப் பேசச் சொன்னேன். கேமராவைப் பார்த்துக் கூச்சப்படுவாங்கன்னு நினைச்சேன், விறகு விலையைச் சொல்ல ஆரம்பிச்சதும் அவங்களை நிறுத்தவே முடியல. அப்படியே வெட்டாம போடப் போறேன். சாப்பாட்டுப் பக்கத்துக்காரர்கிட்ட ஊர்க் கணக்கு கேட்டேன், இன்னும் பதில் இல்ல. அவரை விட்டுட்டேன். தனி சிம் வாங்கியாச்சு. பெங்களூர் அண்ணே, ஆடிட்டரைப் பார்த்துட்டு உங்களுக்கு அனுப்புறேன். எங்க ஆச்சி நல்லா கொட்டான் முடைவாங்க.

அக்கா, ஒண்ணே ஒண்ணு பாக்கி. சீசன் முடிஞ்சப்புறம் என்ன போடுறது? இருப்பு வச்சு விக்கலாம், ஆனா காட்ட ஒண்ணும் இருக்காதே.

சின்னாளபட்டி சுங்குடி

ஏன் இல்ல? இருப்பு வைக்கிற பரணைக் காட்டு, மழையில எப்படிக் காப்பாத்துறீங்கன்னு காட்டு. பனங்கிழங்குக்குக் கொட்டை புதைக்கிறது, தை மாசம் அதைப் பிடுங்குறது எல்லாம் உங்க வேலைதானே, கிழங்கும் விக்குமே. ஆச்சி கொட்டான் முடையுறதைக் காட்டு. வாங்கினவங்க அந்தக் கருப்பட்டியில என்ன செஞ்சாங்கன்னு கேட்டு வாங்கி, அவங்க அனுமதியோட போடு.

இருப்பு எத்தனை கிலோன்னு ஆவணியிலயே எண்ணி, பழைய வாடிக்கைக்காரங்களுக்கு முதல்ல சொல்லிடு. மாசத்துக்கு ஒரு கிலோன்னு முன்கூட்டியே பேர் குடுக்கச் சொல்லு. அடுத்த சீசனுக்கு யாபாரிகிட்ட முன்பணம் வாங்குறதுக்கு முன்னால அந்த லிஸ்ட்டைக் கையில எடுத்துப் பாரு. எத்தனை கிலோவுக்கு வீடு இருக்குன்னு தெரிஞ்சா, அவர்கிட்ட எவ்வளவு போடலாம், எவ்வளவு நிறுத்தலாம்னு அப்பாவே முடிவு பண்ணுவாங்க. ஒரே வருஷத்துல முழுக்க நிறுத்த வேண்டாம். பாதிச் சரக்கை அவருக்குப் போட்டுட்டு மீதியை நீ வித்துக்கோ. கொட்டானுக்கு ஆச்சி கூலியைத் தனியா எழுதி விலையில சேர்த்துடு, சும்மா குடுக்காத.