இரவில் பாட்டு, கேம், படம் மூன்றுக்கும் ஒரே ஹெட்போன்: தனி ஆம்ப் வாங்கத்தான் வேண்டுமா?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். மதுரையில் ஒற்றைப் படுக்கையறை வாடகை வீட்டில் இருக்கிறோம். பாட்டு கேட்கவும் விளையாடவும் எனக்கு இரவு பத்து மணிக்கு மேல்தான் நேரம் கிடைக்கிறது. எட்டு மாதக் குழந்தை அதே அறையில் தொட்டிலில் தூங்குவதால் ஸ்பீக்கருக்கு வழியே இல்லை. மனைவி செவிலியர். வாரத்தில் மூன்று இரவு பணிக்குப் போய்விடுவார். அந்த இரவுகளில் குழந்தை சிணுங்கினால் எனக்குக் கேட்டாக வேண்டும்.

இப்போது இருப்பது 2,000 ரூபாய் கேமிங் ஹெட்செட். காதை முழுக்க மூடும் ரெக்சின் மெத்தை. ஏசி கிடையாது, மின்விசிறிதான். அரை மணி நேரத்தில் காதுமடல் வியர்த்து நனைந்துவிடுகிறது. கண்ணாடி அணிகிறேன், அதன் கம்பி பொட்டில் அழுத்தி வலிக்கிறது. இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன வாரம் குழந்தை அழுதது எனக்குத் தெரியவே இல்லை. மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா இறங்கி வந்து கதவைத் தட்டினார். அன்றிலிருந்து அந்த ஹெட்செட்டைத் தொட மனம் வரவில்லை.

கேட்பது கர்நாடக இசைக் கச்சேரிகளும் எண்பதுகளின் திரைப்பாடல்களும். பிளேஸ்டேஷன் 5-ல் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகள். வாரம் இரண்டு படங்கள், கணினியில். கையில் 30,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு கடையில் கேட்டேன். “ஓம் கூடினால்தான் தரம் கூடும், 250 ஓம் ஹெட்போனும் ஒரு ஆம்பும் (ஹெட்போனுக்குச் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் பெட்டி) எடுங்கள்” என்றார்கள். நண்பர் ஒருவர், சுற்றிலும் ஸ்பீக்கர் இருப்பதுபோல் ஒலிக்கும் 7.1 ஹெட்செட் வாங்கச் சொல்கிறார். எதை நம்புவது?

சுருதிப்பெட்டி எழுதியது:

தம்பி, நான் சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நாளெல்லாம் ஹெட்போனோடுதான் பிழைப்பு. உங்கள் கேள்விக்கு விடை ஓமில் இல்லை, தொட்டிலில் இருக்கிறது. குழந்தையின் குரல் காதில் விழ வேண்டும் என்றால் நீங்கள் வாங்க வேண்டியது ஓபன் பேக் வகை. அதன் கிண்ணத்தின் வெளிப்புறம் மூடியிருக்காது, வலை மட்டுமே இருக்கும். வெளிச் சத்தம் உள்ளே வரும், உள்ளே ஒலிப்பது கொஞ்சம் வெளியே கசியும். காற்றும் போய் வரும் என்பதால் மதுரை வெயிலுக்கு அதுவே பொருத்தம்.

கசியும் ஒலியில் குழந்தை விழித்துவிடுமோ என்று அடுத்து கேட்பீர்கள். மிதமான அளவில் வைத்துக் கேட்டால் மூன்று மீட்டர் தொலைவில் அது கிசுகிசுப்பு அளவுதான், மின்விசிறிச் சத்தத்தில் அமுங்கிப்போகும். முதல் நாள் மனைவியைத் தொட்டில் பக்கம் நிற்கவைத்துச் சோதித்துவிடுங்கள்.

கண்ணாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூடிய வகையில் மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே கண்ணாடிக் கம்பி ஒரு இடைவெளி உண்டாக்குகிறது. அந்த இடைவெளி வழியாகக் கீழ்க்குரல் (பேஸ்) ஒழுகிப்போய் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடப்பக்க முகம், மெலிந்து கேட்கும். ஓபன் பேக்கில் இந்த இழப்பு குறைவு. மெத்தை வெல்வெட் துணியில் இருந்தால் கம்பி அதில் புதைந்து உட்கார்ந்துவிடும், பொட்டில் அழுத்தாது.

இனி ஆம்ப் கணக்கு. இதை நிதானமாகவே சொல்கிறேன், நிறையப் பேர் பணத்தை இழக்கும் இடம் இது.

ஓம் என்பது மின்தடையின் அலகு. அது தரத்தின் அளவும் அல்ல, சத்தத்தின் அளவும் அல்ல. சத்தம் எவ்வளவு வரும் என்று தெரிய, குறிப்பிட்ட அளவு மின்சாரத்துக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்று காட்டும் உணர்திறன் எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திரையரங்கில் ஒரு முதன்மைச் சேனலின் உச்சம் 105 டெசிபல் என்று அளவு வைத்திருக்கிறார்கள். வெடி வெடிக்கும் கணத்துக்கான அளவு அது. வீட்டில் அவ்வளவு யாருக்கும் தேவையில்லை, ஆனாலும் கணக்குக்கு அதையே எடுத்துக்கொள்வோம். மூன்று ஓபன் பேக் ஹெட்போன்களை ஒப்பிடுவோம். சென்ஹைசர் ஹெச்டி 560எஸ் 120 ஓம். 1 வோல்ட் கொடுத்தால் 110 டெசிபல் தரும் என்பது நிறுவனம் தரும் அளவு. அப்படியானால் 105-க்கு ஏறத்தாழ 0.56 வோல்ட் போதும். பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ 250 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். இதற்கு 1.4 வோல்ட் வேண்டும், கடைக்காரர் இதற்கு ஆம்ப் கேட்டது நியாயம்தான். ஹைஃபைமேன் ஹெச்இ400எஸ்இ-யையும் பாருங்கள். வெறும் 32 ஓம், ஆனால் 1 மில்லிவாட்டுக்கு 91 டெசிபல்தான். வோல்ட் 0.9 போதும் என்றாலும் மின்னோட்டம் 28 மில்லிஆம்பியர் கேட்கும். 250 ஓம்காரர் கேட்பதோ 6-க்கும் குறைவு. ஓம் குறைந்தவர்தான் இங்கே அதிகம் சாப்பிடுகிறார்!

ஆப்பிள் விற்கும் சின்ன யுஎஸ்பி-சி ஹெட்போன் அடாப்டர் 1 வோல்ட் வரை தரும் (ஐரோப்பாவுக்கான வகை மட்டும் பாதிதான்). அதைக் கணினியில் செருகி 560எஸ்-ஐ மாட்டினால் கணக்கு அங்கேயே முடிந்தது. தனி ஆம்ப் வேண்டாம். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: சில ஆண்ட்ராய்டு போன்களில் இதே அடாப்டர் சத்தம் குறைவாகவே தரும். கணினியில் அந்தத் தொல்லை இல்லை.

டிடி 990-ஐ உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன், ஆம்ப் செலவுக்காக அல்ல. அதன் மேல்குரல் தூக்கலாக இருக்கும். நாகஸ்வரமும் வயலினும் ஒரு மணி நேரத்தில் காதைக் களைப்பாக்கிவிடும். கூடத்தில் சில பிழைகளைத் தேட எனக்கு அது உதவும். இரவு பதினொரு மணிக்கு ஓய்வாகக் கேட்பவருக்கு அது வேண்டாம்.

560எஸ்-ல் நீங்கள் கேட்டுப் பார்க்க வேண்டியவை இரண்டு. மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தில் இடது கை கும்கி கொடுக்கும்போது சுருதி வழுக்கி ஏறுவது பிசிறில்லாமல் தெரிகிறதா? பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் தம்புரா பின்னால் தொடர்ந்து மீட்டப்படுவது கேட்கிறதா? மலிவான ஹெட்செட்டில் இந்த இரண்டும்தான் முதலில் காணாமல் போகும்.

எண்பதுகளின் திரைப்பாடல்கள் சிலவற்றில் ஒரு வாத்தியம் முழுக்க இடக்காதிலும் இன்னொன்று முழுக்க வலக்காதிலும் ஒதுங்கியிருக்கும். ஒரு காதின் ஒலியில் கொஞ்சத்தை மறு காதிலும் கலக்கும் கிராஸ்ஃபீட் வசதியுள்ள பாட்டு மென்பொருள் இருந்தால் போட்டுப் பாருங்கள், தலைக்குள் இழுபறி குறையும். பழைய வானொலிக் கச்சேரிகள் மோனோ, இரு காதிலும் ஒரே ஒலிதான். அவற்றுக்கு அது பயன்படாது.

இரவுக்காப்பு எழுதியது:

விளையாட்டுப் பக்கம் நான் சொல்கிறேன். 7.1 ஹெட்செட் வேண்டாம், நண்பரே. நமக்கு இருப்பது இரண்டு காது. ஒலி ஒரு காதை மற்றதைவிட எவ்வளவு முன்பாக எட்டியது, காதுமடலில் எப்படிப் பட்டுத் திரும்பியது என்பதை வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. அந்தக் கணக்கைப் பிளேஸ்டேஷன் 5-ன் டெம்பெஸ்ட் 3டி ஒலி தானே செய்து சாதாரண ஸ்டீரியோவாகத் தந்துவிடுகிறது. அதற்கு மேல் ஹெட்செட்டும் தன் பங்குக்கு 7.1 என்று கலக்கினால் ஒரே வேலை இரண்டு முறை நடந்து, பின்னால் வரும் காலடி எங்கே என்றே புரியாமல் குழம்பும். ஒலி அமைப்பில் 3டி ஒலியை உங்கள் காதுக்கு ஏற்பச் சரிசெய்யும் வசதி இருக்கும். அதில் வரும் சோதனை ஒலிகளைக் கேட்டு, ஒலி உங்கள் காது மட்டத்தில் வருவதாகத் தோன்றுவதைத் தேர்ந்தெடுங்கள். பலர் இதைத் தொடுவதே இல்லை.

ஹெட்போனைக் கையில் பிடிக்கும் கன்ட்ரோலரின் 3.5 மில்லிமீட்டர் துளையிலேயே செருகலாம். பேசுவதற்குத் தனி மைக் தேவையில்லை, கன்ட்ரோலருக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. ப்ளூடூத் பக்கம் போகாதீர்கள். பிளேஸ்டேஷன் 5 அதை நேரடியாக ஏற்பதே இல்லை. கணினியிலும் சாதாரண ப்ளூடூத் ஒலி 150 மில்லிநொடிக்கு மேல் தாமதமாகும். விநாடிக்கு 60 சட்டகம் (ஃப்ரேம்) ஓடும் விளையாட்டில் அது ஒன்பது சட்டகம். துப்பாக்கி வெடித்த பிறகு சத்தம் வந்து என்ன பயன்?

இன்னொன்று. 560எஸ்-உடன் வரும் கேபிள் 3 மீட்டர் நீளம், முனையில் பெரிய 6.3 மில்லிமீட்டர் பிளக், அதற்கு மேல் ஒரு மாற்றி. இந்தக் கனத்தைக் கன்ட்ரோலரில் தொங்கவிட்டால் நாளடைவில் துளை தளர்ந்துவிடும். என்னுடையது அப்படித்தான் தளர்ந்து ஒரு காது விட்டுவிட்டுக் கேட்டது. நேராக 3.5 மில்லிமீட்டர் பிளக் உள்ள, ஒன்றரை மீட்டருக்கு உட்பட்ட கேபிள் ஒன்றைக் கூடவே வாங்குங்கள். ஹெட்போன் பக்கத்தில் 2.5 மில்லிமீட்டர் முனை, செருகித் திருகும் வகை. அதைப் பார்த்து வாங்க வேண்டும்.

எர்த்கம்பி எழுதியது:

நாளை ஆம்ப் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒன்றைச் சரிபாருங்கள். நான் ஒரு ஆம்ப் வாங்கி, “உம்ம்” என்ற இரைச்சல் தாங்காமல் அதைத் திருப்பிக் கொடுத்து, இன்னொன்று வாங்கி, அதிலும் அதே இரைச்சல் வந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. பிளக் பாயின்டில் மூன்று துளை இருந்தது. ஆனால் எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே இணைக்கப்படவில்லை. கணினிப் பெட்டியின் இரும்பைத் தொட்டால் விரலில் மெல்லிய சுறுசுறுப்பு தெரியும், அதை நான் ஆண்டுக்கணக்கில் சாதாரணமாக நினைத்திருந்தேன். எலக்ட்ரீஷியன் வந்து அரை மணி நேரத்தில் கம்பியை இழுத்துக் கொடுத்தார். இரைச்சல் நின்றது, சுறுசுறுப்பும் நின்றது. தவழும் வயதில் குழந்தை இருக்கும் வீடு. ஹெட்போனுக்கு முன்னால் இந்தச் செலவைச் செய்யுங்கள். இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்தேன். மேசைப் பக்கத்துப் பாயின்டில் எர்த் உண்மையிலேயே இல்லை. இப்போது இருக்கிறது.

560எஸ்-உம் குட்டை கேபிளும் அடாப்டரும் வந்து நான்கு நாள் ஆகின்றன. மனைவி தொட்டில் அருகே நின்று, “ஏதோ கேட்கிறது, ஆனால் பாட்டு என்றுகூடத் தெரியவில்லை” என்றார். நேற்று இரவு ராகம் தானம் பல்லவி கேட்டுக்கொண்டிருந்தபோது குழந்தை ஒருமுறை இருமினாள். எனக்குக் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

தம்புரா பற்றி அக்கா சொன்னது சரி. பல ஆண்டுகளாகக் கேட்ட அதே பதிவில் தம்புரா இவ்வளவு நேரமும் இருந்திருக்கிறது.

இரண்டு குறைகள். படங்களில் வெடிச் சத்தத்தின் கனம் கொஞ்சம் குறைகிறது. வசனம் சன்னமாகவும் சண்டைக் காட்சி உரக்கவும் வருவதால் விரல் எப்போதும் சத்தப் பொத்தானிலேயே இருக்கிறது. இதற்காவது ஆம்ப் வேண்டுமா?

சுருதிப்பெட்டி எழுதியது:

வேண்டாம் தம்பி. வசனம் சன்னமாக வருவதற்குக் காரணம் வேறு. ஆறு சேனல் கொண்ட 5.1 ஒலித்தடத்தில் வசனம் நடுச் சேனலில் இருக்கும். அதை இரண்டு காதுக்கு மடக்கும்போது வழக்கமாக 3 டெசிபல் குறைத்துத்தான் இருபுறமும் பிரிக்கிறார்கள். படத்தில் ஸ்டீரியோ தடம் தனியாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் படம் இயக்கும் மென்பொருளில் உரத்த ஒலியையும் மெல்லிய ஒலியையும் நெருக்கிக் கொண்டுவரும் கம்ப்ரெஸர் இருக்கும், இரவில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டு கேட்கும்போது மறக்காமல் அணைத்துவிடுங்கள். கச்சேரியின் ஏற்ற இறக்கத்தை அது தின்றுவிடும்.

வெடியின் கனத்துக்கு, கீழ்க்குரலையும் மேல்குரலையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் போதும். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ இலவசம். 105 ஹெர்ட்ஸுக்குக் கீழே லோ ஷெல்ஃப் (கீழ்க்குரல் முழுவதையும் சேர்த்துத் தூக்கும்) வகையில் 4 டெசிபல் கூட்டுங்கள். கூட்டிய அதே 4 டெசிபலை ப்ரீஆம்ப் என்ற இடத்தில் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உச்சங்கள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். படத்துக்கு ஒரு அமைப்பு, பாட்டுக்கு ஒரு அமைப்பு என்று தனித்தனியாகச் சேமித்து வையுங்கள். கச்சேரிக்கு 2 டெசிபலுக்கு மேல் நான் கூட்ட மாட்டேன், மிருதங்கம் பாடகரின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

சத்த அளவைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு 80 டெசிபலை வரம்பாகச் சொல்கிறது. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். ஓபன் பேக்கில் மின்விசிறிச் சத்தம் உள்ளே வருவதால் கை தானாகக் கூட்டப் போகும். அப்போது மின்விசிறியை ஒரு படி குறையுங்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு நாற்பத்தைந்து வயதிலேயே மேல்குரல் கேட்காமல் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

மீதிப் பணத்தை வைத்திருங்கள். வெல்வெட் மெத்தை ஒரு கோடை தாண்டினால் வியர்வை உப்பில் தட்டையாகத் தொடங்கும், ஒரு ஜோடி மாற்று மெத்தைக்கு அது உதவும். அதுவரை மாதம் ஒருமுறை மெத்தையைக் கழற்றி, ஈரத் துணியால் ஒற்றித் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைக்க வேண்டாம், உள்ளே இருக்கும் பஞ்சு இறுகிவிடும்.